சூசைதாசன் ட்ரெயிலர் பார்க்கப் போன கதை

ரொறன்ரோவின் மில்லிக்கனில் சூசைதாசனின் வீடு எதுவென்று கேட்பவர்களுக்குத் தெரு இலக்கம் சொல்லத் தேவையில்லை. வாசலில் செருப்பும் சப்பாத்தும் கடை பரப்பினமாதிரிக் கிடக்கும் வீடு என்றால் போதும், யாரும் கையைக் காட்டிவிடுவார்கள். அவற்றில் இரண்டு சோடிதான் வீட்டுக்காரருடையவை. மிச்சமெல்லாம் கொஞ்ச நாளைக்கு என்று வந்து தங்கியவர்களுடையவை. அந்தக் கொஞ்ச நாள் ஏழு வருடமாக நடந்துகொண்டிருந்தது.

மாடியில் பெரிய அறையும் அதற்கடுத்த அறையும் சூசைதாசனின் மூத்த அக்கா பிலோமினாவின் குடும்பத்துக்கு. அக்கா, அல்பேட் அத்தான், இரண்டு பிள்ளைகள். பேஸ்மென்றில் சூசைதாசனின் மனைவி பேர்ணடெற்றின் தம்பி ஜூலியனும் அவனோடு வேலைசெய்யும் இரண்டு பெடியன்களும். இவர்கள் போதாதென்று, ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்குகிறவர்கள் சோபாவில் மாறிமாறிப் படுத்தெழும்பினார்கள். வீட்டுக்குச் சொந்தக்காரரான சூசைதாசனும் பேர்ணடெற்றும் சாமான் வைக்கும் சின்ன அறைக்குள் சூட்கேசுகளுக்கு நடுவே படுத்தார்கள். பிள்ளை குட்டி இல்லாத ஆட்கள், அவர்களுக்கு எதற்குப் பெரிய அறை என்று யாரோ ஒருநாள் சொன்னார்கள். யாரென்று சூசைதாசனுக்குத் தெரியும். சொல்லமாட்டான்.

கல்யாணம் முடித்து மன்னாரில் அவர்கள் சேர்ந்திருந்தது ஒன்றரை வருடம்தான். பிறகு நாட்டு நிலைமை அவனை ஜேர்மனிக்கும் அங்கிருந்து கனடாவுக்கும் தள்ளிவிட்டது. அவளைக் கூப்பிட ஐந்து வருடம் பிடித்தது. தொண்ணூற்றோராம் ஆண்டு மாரியில் ரொறன்ரோவில் வந்து இறங்கினாள். ஸ்காபரோவில் ஓர் அறை அப்பாட்மென்ற். அவனுக்குப் பகலில் ஒரு வேலை, இரவில் ஒரு வேலை. ஒருநாள் வேலையால் வந்து கதவைத் திறந்தால், அவள் யன்னல் சீலையைப் பிடித்துக்கொண்டு அழுதபடி நிற்கிறாள். பதறிப்போய் ஏனென்று கேட்டான். சும்மா என்றாள்.

சும்மா அழுகிறேன் என்றால் எந்த ஆம்பிளை நம்புவான்? நிறையச் சனத்துக்குள் வளர்ந்த பிள்ளை, பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் வாடுகிறாள் என்று சூசைதாசன் தன்பாட்டில் முடிவுகட்டினான். உடனே மொன்றியலுக்கு ரெலிபோன் எடுத்து அக்கா குடும்பத்தை வரச்சொன்னான். அவர்களையும் சேர்த்து வைத்திருக்கவென்று மில்லிக்கனில் வீடும் வாங்கினான். பேர்ணடெற் சிரித்த முகத்தோடு எல்லோரையும் வரவேற்றாள். இதுதான் அவளுடைய வருத்தத்துக்கு மருந்து என்று அவன் தன்னைத்தானே மெச்சிக்கொண்டான். அதன்பிறகு யார் வந்து கேட்டாலும் இல்லையென்று சொல்லவில்லை. மருந்து வருடாவருடம் கூடிக்கொண்டே போனது.

ஒரு சங்கடத்தை மட்டும் அவன் எதிர்பார்க்கவில்லை. பெண்சாதியோடு பேச இடமில்லாமல் போயிற்று. குசினிக்குள் போனால் அக்கா அடுப்படியில் நிற்பார். வரவேற்பறையில் அத்தான் வாடகைக்கு எடுத்த வீடியோப் படக் கொப்பி போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். சின்ன அறைக்குள் கொஞ்சம் சத்தமாகச் சிரித்துவிட்டால் சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ செருமுவார்கள். மிஞ்சியது அவனுடைய வான் வண்டிதான். பேர்ணடெற் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்தில் வேலை செய்தாள். அவன் மார்க்கம் பக்கத்தில் ஒரு பண்டகசாலையில் லொறிகளுக்குச் சாமான் ஏற்றி இறக்குகிறவன். காலையில் அவளைக் கொண்டுபோய் விடும் வழியில் இரண்டு பேரும் கதைப்பார்கள். சிவப்பு விளக்கு விழுந்தால் சந்தோசப்படுகிற சாரதி ரொறன்ரோவிலேயே அவன் ஒருவனாகத்தான் இருந்திருப்பான். அதற்கும் கண்பட்டது. ஜூலியனின் கூட்டாளி ஒருவன், ரெயில் ஸ்ரேசன்வரைக்கும் வாறன் என்று பின்சீற்றில் ஏறத் தொடங்கினான்.

இப்படியிருக்க, தொண்ணூற்றெட்டாம் ஆண்டு வைகாசியில் ஒருநாள், ஸ்ரீல்ஸ் வீதியோரம் ஒரு வெள்ளைக்காரக் கிழவரும் கிழவியும் காற்றுப்போன டயரோடு நின்றார்கள். காருக்குப் பின்னால் ஒரு ட்ரெயிலர் கொளுவியிருந்தது. சக்கரம் பூட்டிய சின்ன வீடு. சூசைதாசன் இறங்கி டயரை மாற்றிக் கொடுத்தான். அவர்கள் விடவில்லை, உள்ளே வந்து தேநீர் குடித்துவிட்டுத்தான் போகவேண்டும் என்றார்கள். உள்ளே ஏறியவன் திகைத்துப்போனான். ஒரு கட்டில். ஒரு அடுப்பு. எதிரெதிராக இரண்டு பேர் இருக்க ஒரு சின்ன மேசை. சுவரில் இரண்டு கொளுக்கியில் இரண்டு கோப்பை. மூன்றாவது கொளுக்கி இல்லை. அவனுக்குத் தேநீர் தருவதற்காகக் கிழவர் தன்னுடைய கோப்பையைக் கழுவினார்.

பிள்ளைகள் இல்லையோ என்று கேட்டான். நாலு பேர் இருக்கிறார்கள், அவரவர் வீட்டில் சுகமாக இருக்கிறார்கள் என்று கிழவி சொல்லிச் சிரித்தார். கோடை முழுக்க இப்படித்தானாம். ஓர் ஏரிக்கரையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, இரண்டு பேரும் சும்மா இருப்பார்களாம். சூசைதாசனைத் தூக்கிவாரிப்போட்டது. பெற்ற பிள்ளைகளையே விட்டுவிட்டுப் போகலாமென்றால் அக்கா, அத்தான், மச்சான், சோபாக்காரர் எல்லோரையும் விட்டுவிட்டும் போகலாம்தானே. அப்படியொரு வழி உலகத்தில் இருப்பதே அவனுக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஊரில் புருசனும் பெண்சாதியும் மட்டும் எங்காவது போவதென்றால் ஆஸ்பத்திரிக்குத்தான் போவார்கள்.

அன்றிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பில்லை. ஒரு கிழமை, ஏழே ஏழு நாள். அவளும் தானும் மட்டும். யாரும் செருமாத ஓர் இடத்தில் ஒரு கிழமை இருந்துவிட வேண்டும். ஆனால் அவளிடம் சொல்லத்தான் பயமாக இருந்தது. ஆட்கள் இல்லாவிட்டால் அழுகிறவள் அல்லவா? நாற்பத்திமூன்று வயதில் இது என்ன கூத்து என்று சிரித்துவிட்டால் அந்த முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? முதலில் ட்ரெயிலரை வாங்குவோம், பிறகு சொல்லுவோம் என்று தள்ளிப்போட்டான்.

அங்கேதான் பிழை விட்டான். எங்கள் ஆட்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது. கார் வாங்கினாலென்ன, குளிர்ப்பெட்டி வாங்கினாலென்ன, அத்தானைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டாமல் வாங்கக்கூடாது. வாங்கினால் அது அத்தானை மதிக்காத கணக்கு. ஒரு பேச்சுக்குக் கேட்டு வைப்போம், மனுசன் வரமாட்டார் என்று நினைத்துக்கொண்டு, ட்ரெயிலர் ஒன்று பார்க்க விட்பி நகருக்குப் போகிறேன், வாறீர்களோ என்று சூசைதாசன் கேட்டான். அல்பேட் அத்தான் படத்தை நிறுத்திவிட்டு எழும்பினார்.

பின்னேரத்துக்குள் வீடு முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆவணியில் மிட்லண்ட் திருத்தலத்துக்கு யாத்திரை போகையில் கூடாரத்துக்குள் நனையத் தேவையில்லை என்று அக்கா கைகளைக் கூப்பி மாதாவுக்கு நன்றி சொன்னார். பேஸ்மென்ற் பெடியன்கள் மீன்பிடிக்கத் தூண்டில் வாங்குவதைப்பற்றிக் கதைத்தார்கள். பேர்ணடெற் வழக்கம்போல எல்லோருக்கும் தேத்தண்ணி வைத்தாள்.

சனிக்கிழமை இரண்டு வான் நிறைய ஆட்கள் விட்பிக்குப் புறப்பட்டார்கள். பொம்பிளை பார்க்கப் போகும்போதுகூட இத்தனை பேர் போயிருக்கமாட்டார்கள்.

ட்ரெயிலர்கள் நிறுத்தியிருந்த வளவுக்குள் அவர்கள் இறங்கியதைப் பார்த்து, அங்கே விற்பனைக்கு நின்ற றொபேட் என்ற வயதான மனிதர் ஏதோ சுற்றுலா பஸ் வழிதவறி வந்துவிட்டது என்றுதான் நினைத்தார். வாங்க வந்திருப்பது ஒரே ஒரு ட்ரெயிலர் என்று தெரிந்ததும் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். ஆனால் நல்ல மனிதர். விலையைப்பற்றி வாயே திறக்கவில்லை. நீங்கள் எப்படிக் காம்ப் பண்ணித் தங்குவீர்கள் என்றுதான் முதலில் கேட்டார். ட்ரெயிலரைப் பார்ப்பதற்கு முன்னால், அதில் இருக்கப்போகிறவர் தன்னைத்தானே பார்க்கவேண்டுமாம். எத்தனை பேர் படுப்பீர்கள், ஓரிடத்தில் நிறுத்திவிட்டுக் கிடப்பீர்களா, ஊரூராக இழுத்துக்கொண்டு திரிவீர்களா, சமையல் உள்ளேயா வெளியேயா, இழுக்கப்போகிற வாகனம் என்ன. இதெல்லாம் தெரியாமல் வாங்கினவர்கள் அடுத்த கோடையில் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள் என்றார்.

அல்பேட் அத்தான் இப்படியொரு கேள்விக்காகவே காத்திருந்தவர்போல முன்னுக்கு வந்தார். அவருக்குத் தெரிந்த காம்பிங் ஒன்றுதான். மன்னாரில் மடு மாதா கோயில் திருவிழா. ட்ரக்ரர் பெட்டியில் அரிசி மூட்டையும் பெரிய சமையல் கிடாரமும் ஏற்றிக்கொண்டுபோய், காட்டுக்குள் கொட்டில் போட்டு, சொந்தம் முழுக்க ஒன்பது நாளும் ஒரே இடத்தில் கிடந்து சமைத்துச் சாப்பிட்டுக் கும்பிடுவது. அதை அப்படியே ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார். றொபேட் இடையில் மறிக்காமல் கேட்டார். கடைசியில், அப்படியானால் உங்களுக்கு வேண்டியது ட்ரெயிலரில்லை, கப்பல் என்று சொல்லிவிட்டு, வளவிலேயே பெரியதைத் திறந்து காட்டினார்.

முதல் அதிர்ச்சி அக்காவுக்கு. அடுப்புக்குப் பக்கத்திலிருந்த ஒடுங்கிய கதவை அலுமாரி என்று நினைத்துத் திறந்தார். உள்ளே கக்கூஸ். அடுப்புக்கு முதுகைக் குடுத்துக்கொண்டு கக்கூசோ என்று நெஞ்சில் கையை வைத்தபடி நின்றார். அதன் தொட்டி நிறைந்தால் இழுத்துக்கொண்டுபோய் நாங்களே திறந்து ஊற்றவேண்டும் என்று றொபேட் விளக்கியபோது, கனடாவுக்கு வந்து இதுவும் செய்யவேண்டிக் கிடக்கிறதே என்று அத்தான் மூக்கைப் பொத்தினார். என்றாலும் ஆசை விட்டதா? விடவில்லை. கக்கூசைப் பூட்டிவைத்துவிடலாம் என்று தீர்மானித்து, அக்கா படுக்கைகளைப் பங்குபோடத் தொடங்கினார்.

பின்பக்கத்துப் பெரிய கட்டில் தனக்கும் அத்தானுக்கும். தட்டுத்தட்டாக இருந்தவை பிள்ளைகளுக்கும் ஜூலியன் ஆட்களுக்கும். கீழே பாய் விரித்தால் இன்னும் மூன்று பேர். எல்லாம் முடிந்தபிறகுதான் வாங்கப்போகிறவர்களின் ஞாபகம் அவருக்கு வந்தது. கதவடியில் இருந்த சாப்பாட்டு மேசையைக் காட்டினார். அதை மடக்கி விழுத்தினால் படுக்கையாகும்.

"தம்பி, நீயும் பேர்ணடெற்றும் இதிலை படுக்கலாம். விடிய எழும்பித் தேத்தண்ணி வைக்கவும் வசதி" என்றார்.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பாவம். வீட்டில் எப்படியோ அப்படியே இங்கேயும் ஒழுங்குபண்ணினார். சூசைதாசனுக்குத்தான் காது அடைத்துக்கொண்டது. தப்பியோடுவதற்கென்று வாங்கவந்த ட்ரெயிலருக்குள்ளும் அந்த மில்லிக்கன் வீடே முழுசாக ஏறியிருந்துவிட்டது.

றொபேட் அவனைத் தனியே கூப்பிட்டார். இவ்வளவு பாரத்தை உன்னுடைய வான் இழுக்காது, பெரிய ட்ரக் வேண்டும் என்றார். ட்ரக் இரவல் வாங்கலாம் என்று அத்தான் பின்னாலிருந்து பதில் சொன்னார். றொபேட் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. வாங்குவது நீதானே, நீ எப்படி இருக்க விரும்புகிறாய் என்று சூசைதாசனைப் பார்த்துக் கேட்டார்.

அந்தக் கேள்வியை அவனிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. வேலிக்கரையில் ஒரு சின்ன ட்ரெயிலர் நின்றது. வெள்ளையில் ஒரு நீலக்கோடு. வந்து இறங்கியதுமே அவன் கண் அதில்தான் விழுந்தது. ஒரு கட்டிலும் இரண்டு பேருக்கு மேசையும் உள்ள ட்ரெயிலர் என்பது வெளியிலிருந்தே தெரிந்தது. உது போதும் எனக்கு என்று சொல்ல வாயெடுத்தான். அக்கா பார்த்துக்கொண்டு நின்றார். அத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். ஜூலியன், பிள்ளைகள், தூண்டில் வாங்கிவிட்ட பெடியன்கள், எல்லோரும் பார்த்தார்கள்.

"இவையள் சொல்லுறதுதான் சரி" என்றான் சூசைதாசன்.

சொன்னபிறகு அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஒரு கிழமை கேட்கத் துணிவில்லாதவன் எல்லாம் ஒரு மனுசனா?

கையெழுத்துப் போட அலுவலகத்துக்குப் போவோம் என்று புறப்பட்டபோதுதான் பேர்ணடெற்றைக் காணவில்லை என்பது தெரிந்தது. ஒரு பக்கம் அக்கா கூப்பிட்டார், ஒரு பக்கம் ஜூலியன் தேடினான். கடைசியில் செருப்புத்தான் காட்டிக்கொடுத்தது. வேலிக்கரைச் சின்ன ட்ரெயிலரின் படியடியில் அவளுடைய செருப்பு ஒரு சோடி ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்தது. எல்லோரும் அங்கே போனார்கள். கதவு திறந்திருந்தது. பேர்ணடெற் மேசையின் ஒருபக்கத்துக் கதிரையில், தன் வீட்டில் இருப்பவள்போல அமர்ந்திருந்தாள்.

"உதுக்குள்ளை என்ன செய்யிறாய்? உதிலை ரெண்டு பேர்தான் படுக்கலாம்" என்றார் அக்கா.

"ஓம் மச்சாள். ரெண்டு பேர்தான்."

"ரெண்டு பேரெண்டா, ஆர்?"

"நானும் இவரும்."

ஜூலியனுக்குச் சிரிப்பு வந்து தொண்டையில் நின்றுவிட்டது. அத்தான் தூரத்தில் போகிற லொறி ஒன்றைக் கவனமாகப் பார்த்தார். அக்காவின் முகம் முதலில் சிவந்து, பிறகு வெளிறியது. தமிழ் விளங்காத றொபேட், யாருக்கும் சுகமில்லையோ, தண்ணீர் கொண்டுவரவோ என்று கேட்டார். எல்லோரிலும் மோசமாக விறைத்துப்போய் நின்றவன் சூசைதாசன். பதினாலு வருடமாகத் தெரிந்த பெண்சாதி. ஒருவருக்கும் ஒன்றுக்கும் மறுத்துப் பேசாதவள். அவள் வாயால், அதுவும் இத்தனை பேருக்கு முன்னால், அவன் நெஞ்சுக்குள் பூட்டிவைத்திருந்ததை அப்படியே எடுத்துச் சொல்லிவிட்டாள்.

"அப்ப நாங்கள்?" என்றார் அக்கா.

"உங்களுக்கு வீடு இருக்கு மச்சாள். அதிலை நீங்கள் இருங்கோ. இதிலை நாங்கள் இருப்பம்."

கோபமில்லாமல், சோறு போடவோ என்று கேட்கிற அதே குரலில்தான் சொன்னாள். அதுதான் எல்லோரையும் இன்னும் கூடுதலாக அடித்தது. றொபேட் மட்டும் ஆட்களின் முகத்தை வைத்தே விசயத்தை விளங்கிக்கொண்டார். சூசைதாசனின் வானை ஒருமுறை பார்த்து, சின்ன ட்ரெயிலரை ஒருமுறை பார்த்து, இதைச் சுகமாக இழுக்கும் என்றார். கட்டிலை ஒவ்வொரு நாளும் விரித்து மடக்கும் வேலையும் இல்லையாம். சூசைதாசன் தலையை ஆட்டினான். இந்தமுறை அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

சின்னதுக்கே கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். வீட்டில் அக்கா ஒரு கிழமை முகம் கொடுக்கவில்லை. எங்களை வேண்டாமென்றால் எதற்குக் கூட்டிக்கொண்டு போனவன் என்று அத்தானிடம் கேட்பது சின்ன அறைவரைக்கும் கேட்டது. கேள்வி நியாயமானதுதான். சூசைதாசனுக்கு வேறொரு பயம் பிடித்திருந்தது. மேசையில் படு என்று அக்கா சொன்ன கோபத்தில்தான் பேர்ணடெற் அப்படிச் சொல்லியிருப்பாள். கோபம் ஆறினதும் தனியாகப் போக அவளுக்குப் பயம் வரும். ஏரிக்கரையில் போயிருந்து யன்னல் சீலையைப் பிடித்துக்கொண்டு அழப்போகிறாள். வேலைக்குப் போகும் வழியில் கேட்டுப்பார்க்கலாமென்றால் பின்சீற்றில் ஸ்ரேசன்காரன் இருந்தான்.

ஆடியில் இரண்டு பேரும் லீவு எடுத்தார்கள். சிம்கோ ஏரிக்கரையில் ஒரு பூங்காவில், மின்சாரமும் தண்ணீரும் உள்ள இடமாகப் பார்த்துப் பதிந்தார்கள். புறப்படுகிற அன்றைக்கு அக்கா அறையைவிட்டு வெளியே வரவில்லை. ஆனால் வான் சீற்றில் மீன் கட்லற் ஒரு பெட்டி நிறைய இருந்தது. யார் வைத்ததென்று கேட்கத் தேவையில்லை. முதல்நாள் இரவு சூடை மீன் அரிந்த மணம் வீடெல்லாம் இருந்தது. கோபம் ஒருபக்கம், தம்பி பசியோடு போகக்கூடாது என்பது இன்னொருபக்கம்.

ட்ரெயிலரைப் பின்னுக்கு விட்டு நிறுத்துவது எத்தனை பெரிய வித்தை என்பது அங்கே போனபிறகுதான் தெரிந்தது. ஸ்ரியரிங்கை இந்தப்பக்கம் திருப்பினால் அது அந்தப்பக்கம் போனது. பக்கத்து இடத்துக்காரர்கள் பியரைக் கீழே வைத்துவிட்டு வந்து ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள். ஒரு மரம் மயிரிழையில் தப்பியது. கடைசியில் நின்றது கொஞ்சம் கோணலாகத்தான். இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

பேர்ணடெற் மத்தியானச் சமையலுக்கு ஆயத்தமானாள். பெட்டியிலிருந்து அவள் எடுத்த சட்டியைக் கண்டு சூசைதாசன் கண்ணை முழித்தான். வீட்டில் எல்லோருக்கும் சோறு காய்ச்சுகிற பெரிய சட்டி. சின்ன அடுப்பின் இரண்டு தட்டையும் அது ஒன்றே மூடிக்கொண்டது. சோறு வெந்து இறக்கியபோது அவளே பயந்துபோனாள்.

"ஐயோ, பன்னிரண்டு பேருக்குக் காய்ச்சிப்போட்டன்" என்றாள்.

கை தன்பாட்டில் அளந்து போட்டிருக்கிறது. இரண்டு பேரும் அந்தச் சோற்றுமலையைப் பார்த்தார்கள். முதலில் சிரித்தது அவள்தான். பிறகு அவனுக்கும் அடக்க முடியவில்லை. வாய்விட்டு, கண்ணில் தண்ணீர் வர, சத்தம் போட்டுச் சிரித்தார்கள். யாரும் செருமவில்லை. சிரிப்பு முடிந்ததும் அந்த அமைதி இரண்டு பேருக்கும் வெட்கமாக இருந்தது.

சாப்பிட்டு முடித்து, எதிரெதிரே மேசையில் இருந்தார்கள். யன்னலுக்கு வெளியே ஏரி வெயிலில் பளபளத்தது. இனியும் கேட்காவிட்டால் எப்போதும் கேட்கமாட்டேன் என்று சூசைதாசனுக்குத் தெரிந்தது. அன்றைக்கு அக்காவோடு கோபத்திலா அப்படிச் சொன்னீர் என்று மெதுவாகத் தொடங்கினான். அவள் இல்லையென்று தலையாட்டினாள். ஆட்கள் இல்லாமல் இருக்க உமக்கு ஏலாது என்று எனக்குத் தெரியும், வேண்டுமென்றால் நாளைக்கே போய்விடலாம் என்றான்.

"ஆர் சொன்னது எனக்கு ஏலாதெண்டு?"

"வந்த புதுசிலை தனிய நிண்டு அழுதனீரெல்லே. அதுக்குத்தானே அக்கா ஆக்களைக் கூப்பிட்டனான்."

பேர்ணடெற் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் வேலைக்குப் போனதுக்கெல்லே அழுதனான்" என்றாள். "அஞ்சு வருசம் கழிச்சுக் கண்டனான். நீங்கள் பகலும் இல்லை, இரவும் இல்லை. அதைச் சொன்னா வேலையை விட்டுப்போடுவியள் எண்டு சும்மா எண்டு சொன்னனான்."

அப்படியானால் அக்கா ஆட்கள் வந்தபோது ஏன் அவ்வளவு சந்தோசமாக நின்றீர் என்று சூசைதாசன் கேட்டான்.

"பிள்ளையும் இல்லை. என்னோடை மட்டும் இருக்க உங்களுக்கு அலுத்துப்போச்சு, அதுதான் ஆக்களைச் சேர்க்கிறியள் எண்டு நினைச்சன். அதாலைதான் ஒருத்தரையும் போகச் சொல்லேல்லை."

ஏழு வருடம். அவளுக்காக என்று அவன் வீட்டை நிரப்பினான். அவனுக்காக என்று அவள் எல்லோருக்கும் சோறு காய்ச்சினாள். இரண்டு பேருக்கும் வேண்டியது ஒன்றாக இருந்திருக்கிறது, அது அவர்களுக்கே தெரியாமல் சூட்கேசுகளுக்கு நடுவே கிடந்திருக்கிறது. சூசைதாசன் அழுதான். குண்டு விழுந்தபோதும் பாஸ்போட் இல்லாமல் எல்லைகளைக் கடந்தபோதும் அழாதவன், ஒரு ட்ரெயிலருக்குள் இருந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். அவள் எழும்பி வந்து அவன் பக்கத்துக் கதிரையில் நெருக்கிக்கொண்டு இருந்தாள். அந்தக் கதிரை ஒரு ஆளுக்குத்தான் போதும்.

சனிக்கிழமை வீட்டுக்கு வருவதாகத்தான் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலையில் பேர்ணடெற் பூங்கா வாசலில் இருந்த ரெலிபோனைக் காட்டினாள். அவன் போனான். வழி முழுக்கச் சொல்லவேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தான். எடுத்தது அக்கா. பின்னால் வீடு முழுக்க இரைந்துகொண்டிருந்தது. கட்லற் போதுமாயிருந்ததோ என்று கேட்டார். அப்போதே கோபம் போயிருந்தது.

"அக்கா, நாங்கள் நாளைக்கு வரேல்லை. இன்னும் ஒரு கிழமை நிக்கப்போறம்" என்றான்.

யாருக்கும் ஏதும் சுகமில்லையோ, வான் பழுதோ, அத்தானை அனுப்பவோ என்று அக்கா பதறினார். ஒன்றுமில்லை என்றான். வந்தபிறகு எங்களுக்குப் பெரிய அறை வேண்டும், அதைப்பற்றி இருந்து கதைப்போம் என்றும் சொன்னான். ஒருவழியாகச் சொல்லி முடித்தான்.

அக்கா, பிடிபடாத ஒன்றைக் கேட்கிறவர்போலக் கேட்டார்.

"ஏன்ரா தம்பி, ரெண்டு பேரும் தனிய உங்கை இருந்து என்னதான் செய்யிறியள்?"

சூசைதாசன் திரும்பிப் பார்த்தான். தூரத்தில், கோணலாக நின்ற அந்தச் சின்ன ட்ரெயிலரின் படியில் பேர்ணடெற் இருந்தாள். அவனைக் கண்டதும் கையை உயர்த்தினாள்.

"சும்மா இருக்கிறம் அக்கா" என்றான்.